கூவினவளுக்கு ஒன்றரைப் பங்கு

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வா கண்ணு. அந்தக் குதிகால் உயர்ந்த செருப்போடு மணலில் நடந்தால், கொக்குக்குக் கால் சுளுக்கின மாதிரிதான் இருக்கும். அதோ வலை பின்னுகிறவர்கள் சிரிக்கிறார்கள், பார்த்தாயா? உன்னைப் பார்த்துத்தான். நீ கவலைப்படாதே. போன தடவை உங்கள் பெரிய வக்கீல் பூட்ஸோடு வந்து, அலை வருவது தெரியாமல் நின்று, முழங்கால்வரை நனைந்துகொண்டு போனார். அவருக்கு நீ எவ்வளவோ தேவலை.

இந்தச் சாக்கில் உட்கார். சுத்தமான சாக்குதான். கருவாட்டு வாசம் ஆகாது என்றால் இந்தப் பக்கம் வா, காற்று அந்தப் பக்கமாக அடிக்கிறது. நான் நெத்திலியைப் புரட்டிக்கொண்டேதான் பேசுவேன். வெயில் எனக்காக நிற்காது, உன் மேல்கோர்ட்டுக்காகவும் நிற்காது. பேர் என்ன சொன்னாய்? எழிலரசியா? நல்ல பேர். வக்கீலம்மாவை 'நீ' என்று சொல்லலாமா கூடாதா? என் மகள் மலர்க்கொடியைவிட நீ சின்னவள், அதனால் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பீலுக்காக வந்திருக்கிறாய், தெரிகிறது. என் தம்பி பக்கிரிக்கும் இன்னும் நாலு பேருக்கும் ஆயுள் தண்டனை. மூன்று வருஷம் போய்விட்டது. அவன் அந்த இடத்தில் இல்லவே இல்லை என்று காட்ட ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கிறீர்கள். கிடைக்கும். என்னிடம் கிடைக்கும். எழுதிக்கொள். யாராவது வந்து கேட்பார்களா என்றுதான் மூன்று வருஷமாக நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்த்தலைவர், நாட்டார் என்போம், அவர் என்னைக் கண்டால் போதும், 'தையநாயகி, நீ வாயைத் திறக்காதே' என்பார். உங்கள் பெரிய வக்கீல் வந்தபோதும் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னைப் பேச விடவில்லை. இன்றைக்கு மனுஷன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். நல்ல நாள் பார்த்துத்தான் வந்தாய்.

முதலில் எங்கள் கரைவலையைப் பற்றித் தெரிந்துகொள். அது தெரியாவிட்டால் கேஸ் புரியாது. கோர்ட்டுக்கும் அதுதான் புரியவில்லை.

படகில் போய் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வருவார்கள். பிறகு இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்க வேண்டும். இருபது பேர், முப்பது பேர் இழுப்பார்கள். வலைக்குக் கடைசியில் இருக்கிற பைக்கு மடி என்று பேர். மீனெல்லாம் அதில்தான் வந்து சேரும். மடி கரையேறினதும் பங்கு. கயிற்றில் கை வைத்தவனுக்கெல்லாம் பங்கு உண்டு. வழியோடு போகிற பஸ் கண்டக்டர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போனால், அவர் பையிலும் இரண்டு கை மீன் விழும். கை வைத்தவன் வெறுங்கையோடு போகக் கூடாது. அது இந்தக் கரையில் வழக்கம்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே பங்கா? அதுதான் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை இழுத்தவனுக்கு முழுப் பங்கு. பாதியில் வந்தவனுக்கு அரை. மடி தெரிந்த பிறகு ஓடி வந்து தொட்டவனுக்கு இரண்டு கை. அம்பா கூவுகிறவளுக்கு ஒன்றரை.

அம்பா தெரியாதா? ஐயோ, உங்கள் காலேஜில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்! இழுக்கிறவர்களுக்கு எதிரே நின்று பாட்டு விடுவது. 'வாரா வாரா மடியம்மா' என்று நான் விட்டால், 'ஐலசா' என்று அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுப்பார்கள். 'வயிறு பெருத்து வாராளாம்' என்றால் அடுத்த இழுப்பு. குரல் இல்லாவிட்டால் ஒருத்தன் முன்னே இழுப்பான், ஒருத்தன் பின்னே இழுப்பான், மடி இருந்த இடத்திலேயே இருந்து சிரிக்கும். அம்பா ஆம்பிளைகள் வேலைதான். என் வீட்டுக்காரர்தான் கூவிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு நாலைந்து பேர் கூவிப் பார்த்தார்கள், கேட்கச் சகிக்கவில்லை. ஒரு நாள் எரிச்சலில் நான் ஒரு குரல் விட்டேன். மடி குடுகுடு என்று ஓடி வந்தது. அன்றிலிருந்து நான்தான். என் குரலைக் கேட்டுத்தானே நீயும் யாரோ ஆம்பிளை என்று நினைத்து அந்த எதிர்க் கொட்டகைக்குள் போனாய்? சிரிக்காதே, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கயிற்றைத் தொடாதவளுக்கு ஏன் ஒன்றரை என்றா கேட்கிறாய்? என் தொண்டைக்கு! வேறெதற்கு? பனங்கற்கண்டு சும்மா கிடைக்கிறதா?

பங்கு பிரித்துக் கொடுப்பதும் நான்தான். யார் எப்போது வந்தான், எப்போது கை வைத்தான் என்று என் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏமாற்ற முடியாது. என் தம்பி பக்கிரி ஒருத்தன்தான் ஏமாற்றுவான். அதுவும் நான் ஏமாறுவதால்.

அவனைப் பற்றிச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். எங்கள் அம்மா போகும்போது அவனுக்கு நாலு வயசு, எனக்குப் பதினாறு. தூக்கி வளர்த்தவள் நான். வளர்த்த லட்சணத்தைப் பார்: நாற்பத்தெட்டு வயசாகியும் அவன் ஒரு பாடு வலைகூட முழுசாக இழுத்ததில்லை. வலைக் கொட்டகையில் படுத்துக்கிடப்பான். மடி கரைக்குப் பத்து அடியில் இருக்கும்போது எப்படித்தான் மூக்கில் ஏறுமோ, எழுந்து ஓடி வந்து கயிற்றில் இரண்டு விரலை வைப்பான். இரண்டே விரல்! ஏதோ கல்யாணத்தில் சந்தனம் எடுக்கிற மாதிரி. வைத்துவிட்டு 'அக்கா, நானும் கை வெச்சேன்' என்பான். நான் திட்டிக்கொண்டே அவனுக்கு ஒரு முழுப் பங்கைத் தள்ளுவேன். முன்வரிசையில் இழுக்கிற தேசிங்கு கேட்பான், 'ஏன் அத்தை, இது எந்த ஊர் கணக்கு?' என்று. 'என் ஒன்றரையிலிருந்து கொடுக்கிறேன்டா, உனக்கென்ன வலிக்குது?' என்பேன்.

எழுதிக்கொண்டாயா? இதை எழுத வேண்டாமா? சரி, எது எழுதணுமோ அதை நீயே பொறுக்கிக்கொள். மீன் கொட்டுவது என் வேலை.

இப்போது கேஸுக்கு வருகிறேன்.

பக்கத்தில் தோணிக்குப்பம் இருக்கிறதல்லவா? அந்த ஊர் சபாபதி புதுசாக இன்ஜின் வைத்த பைபர் படகு வாங்கினான். வாங்கினது தப்பில்லை. நாங்கள் வலை விட்டிருக்கிற இடத்திலேயே குறுக்கே ஓட்டினான். ஒரு தடவை மடி கிழிந்தது. பஞ்சாயத்தில் சொன்னோம், 'தெரியாம ஓட்டிட்டேன்' என்றான். இருபது நாள் கழித்து மறுபடியும் கிழித்தான். மறுபடியும் தெரியவில்லையாம். கடல் அவனுக்கு மட்டும் இருட்டாக இருக்குமோ என்னவோ.

அன்றைக்கு விடியக்காலை டீக்கடையில் தேசிங்கும் அவன் தம்பியும் மச்சான்மார் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைதான். 'மடி ரெண்டு தடவை கிழிஞ்சு போச்சு, நாலு ஆம்பிளைங்க டீ ஆத்திக் குடிக்கிறீங்க. எங்க ஊட்டுக்காரர் இருந்திருந்தா இந்நேரம் அந்தப் படகு நம்ம கோயில் தூணுல கட்டியிருக்கும்' என்று. மனசு வருத்தத்தைச் சொன்னேன், அவ்வளவுதான். அதில் தூண்டிவிட என்ன இருக்கிறது?

படகைப் பிடித்துக் கட்டுவது இங்கே புதுசு இல்லை கண்ணு. தப்புச் செய்தவன் பஞ்சாயத்துக்கு வரவில்லை என்றால், அவன் படகைக் கொண்டுவந்து நம் கரையில் கட்டிவிடுவோம். அபராதம் கட்டிவிட்டு அவிழ்த்துக்கொண்டு போவான். போகும்போது ஒரு டீயும் குடித்துவிட்டுப் போவான். கோர்ட்டில் அதற்குப் பேர் கொள்ளையாம். அந்தச் சர்க்கார் வக்கீல் 'கூட்டுக்கொள்ளை, கூட்டுக்கொள்ளை' என்று சொல்லும்போது, ஏதோ மலையிலிருந்து குதிரையில் இறங்கி வந்தவர்களைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன். நம் தேசிங்கு! பொண்டாட்டியைக் கேட்காமல் பீடி வாங்க மாட்டான்!

நாலு பேரும் போனார்கள். நானும் போனேன். நான் போகாமல்? பைபர் படகு என்ன, வாழைமட்டையா? நாலு பேர் இழுக்க வேண்டுமென்றால் அம்பா வேண்டாமா? போகிற வழியில் கொட்டகையில் பக்கிரியை ஒரு உதை உதைத்தேன். 'எழுந்திரிடா, ஒரு கை குறையுது' என்றேன். அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். வாய்க்குள் ஒரு ஈ போய்விட்டு வெளியே வந்தது. அந்த ஈ வேண்டுமானால் சாட்சி சொல்லும், அவன் அன்றைக்கு அங்கே இல்லை என்று. இதை எழுதிக்கொள், இது முக்கியம்.

சபாபதி படகு மணல்மேட்டில் ஏற்றி நிறுத்தியிருந்தது. அடியில் உருட்டுக்கட்டை. மேட்டிலிருந்து தண்ணீருக்கு இறக்கிவிட்டால் பிறகு தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். நாலு பேரும் கயிற்றைத் தோளில் போட்டுக் கடலைப் பார்த்து நின்றார்கள். நான் தண்ணீர் ஓரத்தில் அவர்களுக்கு எதிரே நின்று கூவினேன். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, படகு அசைந்தது. அப்போது எவனோ ஒருத்தன் சவுக்குத் தோப்பிலிருந்து ஓடி வந்து படகைத் தடுக்க அதன் முன்னால் தோளைக் கொடுத்தான். கட்டை நழுவியது. படகு மேட்டிலிருந்து ஒரே பாய்ச்சலாக இறங்கியது. அவன் அடியில் மாட்டிக்கொண்டான். சபாபதியின் அண்ணன், வீரமுத்து. எங்கள் பிள்ளைகள்தான் தூக்கி வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் போய்விட்டான்.

பாவம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. நல்ல மனுஷன். என்னிடம் கருவாடு வாங்குவான், பேரம் பேச மாட்டான். அவன் பெண்சாதி சந்தையில் எனக்கு எதிரேதான் கூடை வைக்கிறாள். மூன்று வருஷமாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. பக்கிரியின் அக்கா என்பதால் கோபம் போல. நான் என்ன செய்தேன் அவளுக்கு? சரி, விடு.

அன்றைக்கு மத்தியானமே நாட்டார் என் வீட்டுக்கு வந்தார். 'தையநாயகி, உன் மக மலர்க்கொடிக்கு முடியலையாம், போன் வந்துது, உடனே கிளம்பு' என்றார். வேன் வைத்து, ஆள் கூட வைத்து, காரைக்காலுக்கு அனுப்பினார். அலறி அடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், அவள் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறாள்! 'உடம்புக்கு என்னடி?' என்றால், 'இப்பதான்மா சரியாச்சு' என்கிறாள். ஆனாலும் பத்து நாள் என்னை விடவில்லை. மாப்பிள்ளை தினம் இறால் வாங்கி வந்தார். அதுவரை ஒரு பொடிமீன் வாங்கிக் கொடுத்ததில்லை அந்த மகானுபாவன்.

திரும்பி வந்து பார்த்தால் பக்கிரி உள்ளே இருக்கிறான்.

என்ன நடந்ததென்றால், தோணிக்குப்பத்துக்காரர் ஒருத்தர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். 'நாலு பேர் இழுத்தாங்க, ஒரு ஆம்பிளை நின்னு கூவினான்' என்று சொல்லியிருக்கிறார். ஆம்பிளையாம்! நாலு பேரை அன்றைக்கே பிடித்துவிட்டார்கள். ஐந்து பேர் சேர்ந்தால்தான் அந்தப் பெரிய சட்டம் நிற்குமாம், அதனால் அந்தக் குரல் யாருடையது, அந்தக் குரல் யாருடையது என்று இன்ஸ்பெக்டர் குடைந்திருக்கிறார். நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஊரைக் கூட்டிக் கேட்டார், ஊரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் இந்தப் பக்கிரி குளித்து, தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தானாக ஸ்டேஷனுக்கு நடந்து போய், 'நான்தாங்க கூவினேன்' என்று சொல்லியிருக்கிறான்.

உனக்குப் புரிகிறதா அவன் புத்தி? பழக்கதோஷம்! எங்கேயாவது 'யார் யார் கை வெச்சீங்க?' என்று சத்தம் கேட்டால் போதும், மடி வந்துவிட்டது, பங்கு பிரிக்கிறார்கள் என்று ஓடிவிடுவான். ஸ்டேஷன் என்று பார்க்க வேண்டாமா?

அதிலும் கூவினானாம்! அவன் தொண்டையை நீ கேட்டதில்லையே. சின்ன வயசில் கக்குவான் இருமல் வந்து போனதிலிருந்து, ஓட்டைப் பானைக்குள் தவளை உட்கார்ந்த மாதிரி ஒரு குரல். நாலு அடி தள்ளி நின்றால் கேட்காது. கோர்ட்டில் ஜட்ஜ் ஐயா கேட்டார், 'நீதான் கூவினாயா?' என்று. இவன் 'ஆமாங்க' என்றான். ஜட்ஜுக்குக் கேட்கவில்லை. 'சத்தமாகச் சொல்' என்றார். மறுபடியும் சொன்னான், மறுபடியும் கேட்கவில்லை! பக்கத்தில் இருந்தவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எழுந்து, 'ஐயா, அவனுக்குக் கூவவே வராதுங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். நாட்டார் என் கையைப் பிடித்துத் தரதர என்று வெளியே இழுத்துக்கொண்டு வந்து, கலர் சோடா வாங்கிக் கையில் கொடுத்து, 'குடி, குடிச்சுக்கிட்டே இரு' என்றார். ஒரு பாட்டில் முடிந்ததும் இன்னொன்று. அன்றைக்கு மூன்று சோடா குடித்தேன்.

அந்த நாலு பேர் இருக்கிறார்களே, அவர்களும் 'ஆமாங்க, பக்கிரிதான் கூவினான்' என்று தலையாட்டியிருக்கிறார்கள். நன்றி கெட்டவர்கள். பதினெட்டு வருஷம் என் குரலில் இழுத்தவர்கள்! என் பேரைச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

தீர்ப்பு வந்தது. எல்லாருக்கும் ஆயுள். ஐந்து பேருக்கும் ஒரே அளவு. பெரிய வக்கீல் அன்றைக்கு எனக்கு விளக்கிச் சொன்னார். 'சேர்ந்து ஒரு காரியத்துக்குப் போனால், அதில் ஒரு உயிர் போனால், யார் கை பட்டது என்று பார்க்க வேண்டியதில்லை. போனவர்கள் எல்லாருக்கும் சமம்.' நான் கேட்டேன், 'ஏங்க, இதென்ன பங்கு பிரிக்கிற முறை? முழு இழுப்பு இழுத்தவனுக்கும் ரெண்டு விரல் வெச்சவனுக்கும் ஒரே கூடையா? எங்க கரையில ஒருத்தன் இப்படிப் பிரிச்சா மணலை வாரித் தூத்துவாங்களே' என்று. அவர் சிரித்தார். சிரித்தால் ஆச்சா? இத்தனை படித்தவர்கள் சேர்ந்து சட்டம் எழுதும்போது, ஒரு மீன்காரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யார் எதற்குப் போனான், யாருக்கு என்ன தெரியும், யார் நிறுத்தியிருக்கலாம் என்று பார்த்துப் பிரிக்க வேண்டாமா? 'நிப்பாட்டு' என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடியவனும், ஒன்றும் தெரியாமல் குனிந்து இழுத்தவனும் ஒன்றா?

அந்த டப்பாவைத் தட்டு கண்ணு, காக்கா வருகிறது.

ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்கப் போனேன், முதல் தடவை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஐம்பது பேர், அந்தப் பக்கம் ஐம்பது பேர், எல்லாரும் கத்துகிறார்கள். நான் ஒரே ஒரு தடவை 'டேய் பக்கிரி' என்றேன். நூறு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். வார்டர்கூட எழுந்து நின்றார். 'ஏன்டா, என் பங்கை நீ எப்படிடா எடுத்தே?' என்று கேட்டேன். கூவினது நான், பேர் வாங்கினது அவன். கோபம் வராதா எனக்கு?

அவன் சிரித்தான். அந்தத் தவளைக் குரலில், 'எத்தனை வருசமா உன் பங்கை எனக்குக் குடுத்தே, அக்கா' என்றான்.

'அது மீனுடா' என்றேன்.

'இதுவும் அதுதான்க்கா. நீ வாயை மூடிக்கிட்டு ஊட்டுக்குப் போ.'

பார்த்தாயா திமிரை? ஜெயிலில் இருந்துகொண்டு எனக்கு உத்தரவு போடுகிறான். மூன்று வருஷமாக ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு. வாயை மூடு, ஊட்டுக்குப் போ. போன மாசம் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உள்ளே தறி நெய்கிறானாம். என் தம்பி! காலையிலிருந்து சாயங்காலம்வரை வேலை செய்கிறானாம். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆகையால் நீ நன்றாக எழுதிக்கொள். அன்றைக்குக் கூவினது பக்கிரி இல்லை. கூவினது நான். தையநாயகி, கணவர் பெயர் மாரிசெல்வம், வயசு அறுபது. கரையில் யாரை வேண்டுமானாலும் கேள். ஜட்ஜுக்குச் சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடட்டும், கோர்ட்டிலேயே ஒரு அம்பா விடுகிறேன். அவர் நாற்காலியோடு நகர்ந்து வருவார். இது போதுமல்லவா அவனை வெளியே விட?

என்ன, பேனாவை மூடிவிட்டாய்?

ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

என் மேலா? என் மேல் எப்படி கேஸ் வரும்? நான் கயிற்றைத் தொடவே இல்லையே கண்ணு! நான் சும்மா...

சும்மா நின்றேன் என்று சொல்ல வந்தேன்.

சரி. நீ சொன்னது கேட்டது. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். இதை எழுதினால் அவன் வெளியே வருவான், நான் உள்ளே போவேன். அவனுக்கு அது தெரிந்திருக்குமா என்றா கேட்கிறாய்? அவனுக்கென்ன தெரியும். அவன் சோம்பேறி. அவன்...

குளித்துத் தலை சீவிக்கொண்டு போனானாம். அவன் தீபாவளிக்குக்கூடத் தலை சீவ மாட்டான்.

மலர்க்கொடிக்கும் தெரிந்திருக்கும் அப்போது. முறுக்கை வாயில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாலு பேருக்கும்... நாட்டாருக்கு... மூன்று சோடா. ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் காரைக்காலில் இறால்.

கொஞ்சம் தண்ணீர் கொடு. அந்தச் சொம்பில் இருக்கிறது.

எல்லாரும் கடைசியில் வந்து கை வைக்கிறவன் என்று அவனைச் சொல்வோம். நானும்தான் சொன்னேன். இந்த ஒரு தடவை எல்லாருக்கும் முன்னால் வந்து வைத்துவிட்டான், பார்.

எழில், நீ முதலில் ஒன்று கேட்டாய். ஒன்றரைப் பங்கு எதற்கு என்று. நான் தொண்டைக்கு என்றேன். வேடிக்கைக்குச் சொன்னேன். அதற்கில்லை.

கயிற்றைத் தோளில் போட்டுக் குனிந்தவனுக்கு முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவன் கண்ணுக்கு மணல்தான் தெரியும், தன் கால்தான் தெரியும். எதிரே நிற்கிறவள் ஒருத்திக்குத்தான் எல்லாம் தெரியும். வலை பாறையில் மாட்டுகிறதா, பிள்ளை ஏதாவது குறுக்கே ஓடுகிறதா, அவள்தான் பார்க்க வேண்டும். அவள் 'ஏலேலோ' என்றால் இழுப்பார்கள், 'நிப்பு' என்றால் நிற்பார்கள். அந்தக் கண்ணுக்குத்தான் அரைப் பங்கு கூட. என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது.

எவனோ ஒருத்தன் ஓடி வந்தான் என்று உன்னிடம் சொன்னேனா? எவனோ இல்லை. விடிந்திருந்தது. வீரமுத்து என்று எனக்குத் தெரிந்தது. ஊதா லுங்கி கட்டியிருந்தான். தோளைக் கொடுத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தான். 'யக்கா, வேணாம் யக்கா' என்றான். என் குரல் பெரிசு, அது மேலே ஏறி அவன் குரலை மூடிவிட்டது. விலகிவிடுவான் என்று நினைத்தேன். ஒரு பாட்டுக்கு நாலு இழுப்பு, அதில் மூன்று ஆகியிருந்தது. கூவிக்கொண்டு வரும்போது நடுவில் விடக் கூடாது என்று ஒரு வீம்பு இருக்கும் பார், தொண்டைக்கு. நான் நாலாவதையும் கூவினேன்.

தேசிங்குக்கு இன்றுவரை அது தெரியாது. அவன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் சந்தையில் என் முகத்தைப் பார்க்காதது சரிதான்.

பேனாவைத் திற கண்ணு. நான் கோர்ட்டைப் பங்கு பிரிக்கத் தெரியாதவர்கள் என்று இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் சரியாகப் பிரித்தேனா? எழுது. அந்த நாலு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சேர்த்து எழுது. ஜட்ஜ் படித்துப் பார்த்து அவர்களுக்கு என்ன பங்கு என்று யோசிக்கட்டும். எழுதினதைத் திரும்ப ஒரு தடவை படித்துக் காட்டு. எனக்குப் படிக்க வராது, ஆனால் ஒரு வார்த்தை மாறினாலும் காது பிடித்துவிடும். கையெழுத்துப் போடுவேன், 'தைய' வரைக்கும் நன்றாக வரும், 'நாயகி' கொஞ்சம் கோணும்.

கருவாடு ஒரு பொட்டலம் கட்டித் தருகிறேன், கொண்டுபோ. மூக்கைப் பிடிக்காதே, உங்கள் பெரிய வக்கீல் இரண்டு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்னும் ஒன்று. பக்கிரியிடம் நீ போய்ச் சொல்லிவிடாதே. சனிக்கிழமை நானே மனு போட்டுப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். கத்துவான். கத்தினால் யாருக்குக் கேட்கப் போகிறது? இந்தத் தடவை அவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.